பழுது எங்கே?

போன வருஷம் போனஸ் பணத்தில் ஒரு செக்கன் ஹேண்ட் ஆம்ப்பும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி, பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் அப்பா வீட்டு ஹாலில் வைத்தேன். ஊர்ப் பெயர் மாறி எத்தனையோ வருஷமாகியும் எங்கள் ஆட்களுக்கு அது பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா பாட்டுப் பைத்தியம். லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே விடியற்காலையில் ரேடியோ பாடாமல் அவருக்குத் தேத்தண்ணி இறங்காது. முதல் பாட்டு 'அன்னக்கிளி' படத்திலிருந்து. 1976-இல் இளையராஜா அறிமுகமான படம், அப்பாவின் இளமைக் காலத்துப் படம். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா அந்தப் பழைய பெட்டி மாதிரி இல்லையே."

ஒரு இன்ஜினியரிடம் இப்படிச் சொல்லக்கூடாது. அன்றிலிருந்து இரண்டு மாதம், வார இறுதிகளில் நான் வேறு எதையும் செய்யவில்லை.

பழுது தேடுவதற்கு ஒரு முறை உண்டு. மூலத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாக இறங்கி வர வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். செலவில்லாத காரணத்தை முதலில் பார்க்க வேண்டும். முதல் வாரமே ஒன்று கிடைத்தது. ஒரு பக்க ஸ்பீக்கரில் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாற்றிச் சொருகியிருந்தேன். அப்படிச் சொருகினால் ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். அடித்தொனி ஒன்றையொன்று தின்றுவிடும். நடுவிலிருந்து வர வேண்டிய குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் தொங்கும். சரிசெய்ததும் தபேலா திரும்பி வந்தது. எனக்கு ஒரே பெருமை. அப்பா தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

அடுத்தது அறை. எங்கள் தாமான் வீடுகளைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: தரையெல்லாம் டைல்ஸ், வெறும் சுவர், நீளமான ஹால். நடுவில் நின்று கைதட்டினால் சத்தம் இரண்டு சுவருக்கும் இடையே கிலுகிலுவென்று ஓடும். ஹாலின் நீளம் ஐந்து மீட்டர். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் என்று வைத்தால், 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அந்த நீளத்தில் அலைகள் நின்று முழங்கும். அந்த முழக்கம் சுவரோரத்தில்தான் அதிகம். அப்பாவின் நாற்காலி சுவரை ஒட்டிக் கிடந்தது. நாற்காலியை முன்னால் இழுத்தேன், தரைக்குக் கம்பளம் போட்டேன், ஜன்னலுக்குத் தடித்த திரை மாட்டினேன். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பில் இருந்த ஃபோம், நம் ஊர் ஈரத்தில் பிஸ்கட் மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது. அதையும் மாற்றினேன். இவ்வளவுக்கும் பிறகு, என் காதுக்கு அந்த ஹாலில் பாடகி எழுந்து நின்று பாடுவது போலிருந்தது.

"பாடுறது கேக்குது ஐயா," என்றார் அப்பா. "என்ன பாடுறாங்கன்னுதான் வெளங்கல."

கடைசியாக ஸ்பீக்கரின் எல்லையைப் பார்க்க, கைப்பேசியிலிருந்து ஒற்றைத் தொனி ஒன்றை ஓடவிட்டேன். கீழே இருந்து மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும் விசில். 1000 ஹெர்ட்ஸ், 2000, 3000. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் 4000-ஐ நெருங்கும்போது தலையைத் தூக்காமலே கேட்டார்:

"நிறுத்திட்டியா?"

நான் நிறுத்தவில்லை. அது அந்த அறையை அறுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் சந்தேகப்பட வேண்டியவற்றை வரிசை எழுதியிருந்தேன். வயர், மின்தேக்கி, அறை, பாட்டுக் கோப்பு என்று பதினோரு வரிகள். கேட்பவரின் காது அதில் இல்லை.

*

அப்பா செம்பனை ஆலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை செய்தவர். ஆலையின் பெயர் இங்கே வேண்டாம். வட சிலாங்கூரில் எந்த ஆலையும் இதில் பெரிய வித்தியாசமில்லை என்பதுதான் விஷயமே. குலைகளை நீராவியில் அவிக்கும் உருளையில் அழுத்தத்தைத் திறந்துவிடும்போது ஒரு அலறல். கொட்டை உடைக்கும் இடத்தில் நாள் முழுக்கக் கல்மழை. டர்பைன் ஓடும் இன்ஜின் ரூமில் பேச வேண்டுமென்றால் காதுக்குள் வாயை வைத்துக் கத்த வேண்டும். அப்பா இருந்தது அந்த இன்ஜின் ரூமில்.

அங்கே அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மோட்டார் மேல் நீளமான ஸ்குரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்து, "இந்த பேரிங் அடுத்த வாரம் தாங்காது" என்பார். தாங்காது. காதடைப்பான் கொடுத்தார்களா என்று கேட்டேன். கொடுத்தார்களாம், பெட்டியோடு அலமாரியில் இருந்ததாம். "அத மாட்டிக்கிட்டா மெஷின் என்ன பேசுதுன்னு எப்படித் தெரியும்?" என்றார். எந்தக் காதால் நல்ல தொழிலாளி என்று பெயர் வாங்கினாரோ, அந்தக் காதையே கொடுத்து வாங்கியிருக்கிறார்.

உட்செவியில் ஒலியைப் பிடிக்கும் மயிரணுக்கள் மனிதர்களுக்கு ஒருமுறை போனால் மறுபடி முளைப்பதில்லை. ஆலைச் சத்தம் முதலில் தின்பது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை. உயிரெழுத்துகளின் பலம் கீழ்த்தொனியில் இருக்கிறது. ச, த, க போன்ற மெய்யெழுத்துகளின் கூர்மை மேலே இருக்கிறது. அதனால்தான் பாட்டு கேட்கிறது, வார்த்தை விளங்கவில்லை. அப்பாவுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை.

பழைய பெட்டி ஏன் நன்றாகப் பாடியது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனியும் கிடையாது, உச்சத் தொனியும் கிடையாது. எல்லாமே நடுத்தொனி, குரல் மட்டும் முன்னால் வந்து நிற்கும். அதோடு அன்று அதைக் கேட்ட காதுக்கு முப்பது வயது. அப்பாவின் ஒப்பீட்டில் பெட்டியும் மாறியிருந்தது, காதும் மாறியிருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியை வாழ்க்கை மதிப்பதில்லை.

*

சரி, பழுது எங்கே? தொழிற்சாலையில் எங்களுக்கு இதற்கு ஒரு படிவமே இருக்கிறது. 'மூல காரணம்' என்று ஒரு கட்டம். ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றை எழுத வேண்டும்.

ஆலை என்று எழுதலாம். ஆனால் சட்டம் என்ன சொன்னது? 1989-இல் வந்த சத்த விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன. 2019-இல் வந்த புதிய விதிமுறைகள் அதை 85 ஆக்கின. ஐந்துதானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகும், ஐந்து கூடினால் மூன்று மடங்குக்கும் மேல். அப்பா 2016-இல் ஓய்வு பெற்றார். அவர் வேலை செய்த காலம் முழுவதும் 90 சட்டப்படி சரி. அதே 90 இன்று சட்டப்படி தப்பு. காது அரசாங்க கெஜட்டைப் படிப்பதில்லை, அதற்கு இரண்டு காலத்திலும் ஒரே அடிதான். அப்படியானால் சட்டப்படி நடந்தது என்பது, யாரும் தப்பு செய்யவில்லை என்பதற்குச் சமமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்தார்கள். அந்த மேசையில் இன்ஜின் ரூம் ஆள் இருந்திருக்க மாட்டார்.

அப்பா என்றும் எழுதலாம், கொடுத்ததை மாட்டவில்லையே. நிறையப் பாதுகாப்பு அறிக்கைகள் இப்படித்தான் முடியும். காதடைப்பானை மாட்டினால் வேலையில் திறமை குறையும், மாட்டாவிட்டால் காது போகும் என்ற நிலையில் ஒருவரை வைத்துவிட்டு, அவர் எடுத்த முடிவை 'அலட்சியம்' என்று எழுதுவது நியாயமில்லை.

கடைசிக் கட்டத்தில் என் பெயரையும் எழுத வேண்டும். பழம் அதிகம் வரும் மாதங்களில் அப்பா இரட்டை ஷிப்ட் போனது என் பல்கலைக்கழகச் செலவுக்கு. டெசிபல் என்பது மடக்கைக் கணக்கு என்று நான் படித்தது அந்தக் காசில்தான். இதை அவரிடம் சொன்னால் கோபப்படுவார். அவர் கணக்கில் அது கொடுத்தது, இழந்தது இல்லை. கொடுத்தவர் கணக்குப் பார்க்காததால் வாங்கியவனும் பார்க்காமல் இருக்கலாம் என்று ஆகாது.

*

இதற்கிடையில் ஒரு பொய் சொன்னேன். "ஸ்பீக்கர் பழசுப்பா, அதான் வெளங்கல" என்றேன். அறுபத்தெட்டு வயது மனிதரிடம், உங்களுக்குப் பிடித்த ஒன்று இனி முழுசாகக் கிடைக்காது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்பு என்றுதான் நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரத்தில் அந்தப் பொய் வளர்ந்துவிட்டது. மகன் ஏமாந்து பழசை வாங்கிவிட்டான் என்று அப்பா அம்மாவிடம் வருத்தப்பட்டிருக்கிறார், விற்றுவிடச் சொன்னார். குற்றமில்லாத ஒரு பெட்டி பழியைச் சுமந்துகொண்டு மூலையில் நின்றது. கோளாறை இல்லாத இடத்தில் காட்டினால் இருக்கிற இடத்தை யாரும் தேட மாட்டார்கள். இது என் தொழிலின் முதல் பாடம், வீட்டில் அதையே மறந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். அப்பா சிரித்தார்.

"அது எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா மெஷின்காரனுங்க எல்லாத்துக்கும் இப்படித்தான். நீ ஆசையா வாங்கி வச்சது வீணாப் போச்சேன்னு நெனப்பியேன்னு சொல்லல."

அவர் என்னைக் காப்பாற்ற, நான் அவரைக் காப்பாற்ற, இரண்டு மாதம் நாங்கள் கம்பளம் விரித்துக்கொண்டிருந்தோம். தமிழில் கேள்வி என்ற சொல்லுக்குக் காதால் கேட்பதும் வாயால் கேட்பதும் இரண்டும் அர்த்தம். வள்ளுவர் முதல் அர்த்தத்துக்கு ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் இரண்டாவது நடக்காததால் முதலாவது பற்றி யாருக்கும் தெரியாமல் இருந்தது.

அதன் பிறகு ஆம்ப்பின் முன்னால் ஒரு ஈக்வலைசரை வைத்தேன். இதற்கு என் நண்பன் ஒருவன் கடுமையாக எதிர்ப்பு. ஹைஃபை என்றால் பதிவுக்கு உண்மையாக இருப்பது, பதிவில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பது, நீ செய்வது சிதைப்பு என்றான். முன்பு நானும் அப்படித்தான் பேசியிருப்பேன். ஆனால் பாட்டு ஸ்பீக்கரின் கூம்போடு முடிந்துவிடுகிறதா? கூட்டாமல் குறைக்காமல் அனுப்பிய பாட்டு அப்பாவிடம் வந்து சேரும்போது பாதி வார்த்தை காணவில்லை. அனுப்பியவனின் நேர்மை மட்டும் முழுசாக இருக்கிறது. உண்மையாக இருப்பது என்றால் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவரையும் சேர்த்துத்தான் கணக்கு என்று இப்போது நினைக்கிறேன்.

அதற்கும் எல்லை உண்டு. 2000-க்கும் 4000-க்கும் இடையே ஆறு டெசிபல் கூட்டினேன். "ஆ, இப்பக் கொஞ்சம் தெரியுது" என்றார். இன்னும் நான்கு கூட்டினேன். "காதுல குத்துது, கொற." இப்படிக் கெட்ட காதில், மெல்லிய ஒலி கேட்காது, கொஞ்சம் ஏற்றினால் வலிக்கும், நடுவில் இருக்கும் இடம் குறுகிப்போய்விடும். நான் செய்தது ஈடு இல்லை, அந்தக் குறுகிய இடத்துக்குள் பாட்டை மடித்து வைத்தேன், அவ்வளவுதான். காது கேட்கும் கருவிக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருக்கிறோம். சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ சட்டத்தில் தொழில் நோயாக இருக்கிறது, அதற்கான தாள்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். "யார் மேல கேஸ் போடச் சொல்ற?" என்று அப்பா முறைக்கிறார்.

ஒன்று மட்டும் விடாமல் உறுத்துகிறது. வீட்டில் ஒரு பாட்டு சரியில்லை என்றால் மூலத்திலிருந்து தொடங்கினேன். காது என் வரிசையிலேயே இல்லை. தொழிற்சாலையில் நாங்கள் செய்வது நேர் எதிர். சத்தத்தை அது பிறக்கும் இடத்திலேயே குறை, முடியாவிட்டால் வழியில் மறி, அதுவும் போதாவிட்டால் கடைசியாகக் காதடைப்பான் என்றுதான் எங்களுக்குப் படித்துக் கொடுத்தார்கள். நடைமுறையில் முதலில் வாங்குவது காதடைப்பான் பெட்டி. இசைக்காக மூலத்தைத் திருத்துகிறோம், மனிதர்களுக்காக மூலத்தைத் திருத்த மாட்டேன் என்கிறோம். காரணம் விலைதான். காதடைப்பான் சில காசு, கம்ப்ரெஸரைச் சுற்றிக் கூண்டு கட்டப் பல ஆயிரம்.

என் பிரிவில் அப்படி ஒரு கம்ப்ரெஸர் இருக்கிறது. வாசலில் 'காதடைப்பான் அணியவும்' என்ற பலகையை வேலைக்குச் சேர்ந்த வருஷம் நானே மாட்டினேன், கடமை முடிந்தது என்றும் நினைத்தேன். அதன் பக்கத்தில் நேப்பாளத்துப் பையன்கள் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். கூண்டு கட்ட விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பட்ஜெட் இல்லை, அடுத்த காலாண்டில் பார்ப்போம் என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதிக் கொடுத்தேன். இந்த மாதம் கொடுத்தது மூன்றாவது. மூல காரணம் என்ற கட்டத்தில் இந்த முறை ஆட்களின் அலட்சியம் என்று எழுதவில்லை, மெஷின் நம்பரை எழுதியிருக்கிறேன்.