குப்பைக்குக் குப்பையே காவலா?

கோலாலம்பூர்ப் பட்டணம் 1857-ஆம் ஆண்டில் அம்பாங் ஈயத்தை நம்பி உண்டானது என்பதை யாவரும் அறிவர். 1881-ல் தீயும் வெள்ளமும் ஊரைப் பாழாக்கிய பிறகு, அத்தாப்புக் குடில்கள் போய்ச் செங்கல் வீடுகள் எழலாயின. அந்தச் செங்கற்களைச் சுட்ட இடமே இன்று நம்மவர் கடைகள் நிறைந்திருக்கும் பிரிக்பீல்ட்ஸ். செங்கற் சூளைகள் மறைந்துவிட்டன. ஈயச் சுரங்கங்களும் ஏரிகளாகி, சுங்கை பீசியில் குழந்தைகள் படகு விடுகிறார்கள். ஆனால் ஈயத்தைக் கழுவிய பின் எஞ்சிய கரிய மணல் இருக்கிறதே, அதன் கதை முடியவில்லை.

அந்த மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். இல்மனைட், சிர்க்கோன், மோனசைட் முதலியவை அதில் கலந்து கிடக்கின்றன. மோனசைட்டுக்குள் அருமண் உலோகங்களும், அவற்றோடு தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளும் உண்டு. தோரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். இந்தப் பூமியின் வயதே அதில் மூன்றிலொரு பங்குதான்! ஆயினும் மோனசைட் மணியானது அந்தத் தோரியத்தைத் தன்னுள் இறுகப் பூட்டி வைத்திருந்தது. அமிலத்தை ஊற்றி அந்தப் பூட்டை உடைத்தவர்கள் மனிதர்களே.

1982-ல் ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் என்னும் ஆலை அந்த வேலையைத் தொடங்கியது. ஜப்பானிய மிட்சுபிஷிக்கும் அதில் பங்கிருந்தது. அருமண் விலைபோயிற்று, தோரியக் கழிவு ஊரிலேயே தங்கிற்று. 1985-ல் ஊரார் நீதிமன்றம் ஏறினார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தது. எனினும் 1994 ஜனவரியில் நிறுவனமே கடையைக் கட்டிவிட்டது. கழிவு பின்னர் கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டது.

நிற்க. இப்பொழுது விஞ்ஞானிகள் ஒரு வழி சொல்கிறார்கள். நிலக்கரிச் சாம்பல், உலைக் கசடு, சுட்ட களிமண், அலுமினிய ஆலையின் செம்மண் சேறு ஆகியவற்றுள் ஏற்றதைக் காரத்தோடு பிசைந்தால் கல்லைப் போல் இறுகுகிறது. அதில் அலுமினியமும் சிலிக்கனும் வலைபோலப் பின்னிக்கொண்டு கதிரியக்கப் பொருளைச் சிறைப்படுத்தும். பிரிட்டனில் உலைக் கசட்டைச் சிமெண்டோடு சேர்த்து அணுக்கழிவை இறுக்குவது நெடுநாளைய வழக்கம். 1978-ல் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ரிங்வுட், இயற்கைக் கனிமங்களைப் பார்த்து ‘சின்ராக்’ என்ற செயற்கைப் பாறையை வகுத்தார். டைட்டேனியமும் சிர்க்கோனியமும் அதன் முக்கியச் சரக்குகள். நம் அமாங்கின் இல்மனைட்டிலும் சிர்க்கோனிலும் இருப்பவை அவைதாம். விஷமும் விஷத்தைப் பூட்டும் சரக்கும் ஒரே குவியலில் கிடப்பதைப் பார்த்தீர்களா!

கிள்ளானில் தொழுகை முடிந்து வருகையில் அன்பர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “காப்பார் மின்நிலையத்துச் சாம்பல் இதற்கு உதவுமானால் நல்லதுதானே? வீண்விரயம் குறையுமே!”

நல்லதுதான். நாம் மறுக்கவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த நாட்டில், வெறும் தார்ப்பாயின்கீழ் கிடக்கும் கழிவைவிடக் கல்லாக இறுகிய கழிவு எத்தனையோ மேல். ஆனால் செம்மண் சேற்றிலும் நிலக்கரிச் சாம்பலிலும் சிறிதளவு கதிரியக்கம் உண்டாகையால், காவலாளியையும் சோதித்துத்தான் வேலைக்கு வைக்கவேண்டும். அது ஆய்வுக்கூடத்தார் பார்க்கவேண்டிய விஷயம். நமக்கு உறுத்துவது வேறு.

வக்பு நிலத்தைப் பார்க்கும் முத்தவல்லி, இன்னும் பிறவாத பிள்ளைகளின் ஹக்கையும் சேர்த்தே காக்கிறார். இதுவும் அப்படிப்பட்ட அமானிதமே. ஒரேயொரு வித்தியாசம்: இங்கே பின்வருவோருக்கு நாம் விட்டுப்போவது வருமானமன்று, சுமை. சுமையை வைப்பவர் அதைச் சுமக்கப் போகிறவரைக் கேட்கவேண்டாமா? பிறவாதவரைக் கேட்க வழியில்லை. பக்கத்தில் குடியிருப்பவரையாவது கேட்கலாமல்லவா? புக்கிட் மேராவில் அந்தக் கேள்வியே உரிய காலத்தில் எழவில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கலாகாது. 2012 முதல் குவாந்தான் கெபேங்கில் லைனாஸ் ஆலை ஆஸ்திரேலியத் தாதுவைப் பதப்படுத்தி வருகிறது. அதன் தோரியக் கழிவை வேறு பொருளோடு கலந்து மண்ணை வளப்படுத்தலாம் என்ற யோசனையும் ஒரு காலத்தில் எழுந்தது. 2020-ல் உரிமம் புதுப்பிக்கப்பட்டபோது நிரந்தரப் புதைகிடங்கு கட்டவேண்டுமென்று நிபந்தனை விதிக்கப்பட்டது. பூட்டி வைப்பது ஒன்று, ஊரெல்லாம் தூவிவிடுவது மற்றொன்று. முன்னதற்கு ஓரிடமும் கணக்கும் பொறுப்பாளியும் உண்டு. பின்னதற்கு எதுவுமில்லை. இரண்டையும் ‘மறுபயன்’ என்ற ஒரே பெயரால் அழைப்பது சரியன்று.

மையவாடியில் மீசான் கல் நடுகிறோம். அது அடக்கமானவருக்கு என்பதைவிட, அங்கே மண்வெட்டியோடு வருகிறவனுக்கே எச்சரிக்கை. கதிரியக்கக் கழிவைப் புதைத்த இடத்துக்கும் மூவாயிரம் ஆண்டு கழித்து வருகிறவன் படித்தறியும் மீசான் கல் வேண்டுமே! எந்த மொழியில் எழுதுவது? எவர் பராமரிப்பது?

ஆகவே, ஏற்கெனவே குவிந்துவிட்ட கழிவைப் பூட்ட இந்த வித்தை பயன்படட்டும் என்பது நம் கட்சி. பூட்டு கிடைத்துவிட்டதென்று புதிய கழிவுக்கு வாசல் திறப்பதை நாம் ஒப்பமாட்டோம். காப்பார்ச் சாம்பலைப் பற்றி அந்த அன்பர் மறுபடியும் கேட்டால், இறுகிய அந்தக் கல்லை எந்த ஊரில் வைக்க உத்தேசம் என்று முதலில் விசாரிப்போம்.