ஆண்டானின் பசி

விக்டோரியா மகாராணியின் ஆட்சிக் காலமான 1837 முதல் 1901 வரையிலான இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட பேய்க்கதைகளில், குருதி குடித்து இறவாமல் வாழும் ஒரு பிரபுவும், அவனுக்காகப் பகலில் வாயில் காத்து, இரவில் தன் குருதியையே அளித்து, என்றேனும் ஒருநாள் தானும் அவனைப்போலச் சாகாதவன் ஆகிவிடலாம் என்ற நம்பிக்கையில் நாள் கழிக்கும் ஒரு மனித ஏவலாளும் அடிக்கடி தென்படுகின்றனர். கதை என்று ஒதுக்கிவிடத் தோன்றினாலும், அந்த ஏவலாளின் நிலை எழுப்பும் கேள்வி கதைக்குள் அடங்குவது அன்று. சாவுடைய ஒருவன் சாவற்ற ஒருவனுக்குத் தன்னை முழுமையாக ஒப்புக்கொடுப்பது ஈடேற்றமா, அழிவா என்பதும், இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எது என்பதும் தமிழ்ச் சைவம் பல நூற்றாண்டுகளாக எண்ணிப் பார்த்தவை. அந்தச் சிந்தனையின் முதன்மையான இடங்கள் இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலேயே, திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையிலுள்ள கிளியனூரைப் போன்ற தலங்களும் பண்ணை நிலங்களும் கலந்த நிலப்பரப்பில்தான் அமைந்துள்ளன.

அவற்றுள் தலையாயது திருவெண்ணெய்நல்லூர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட புராணம் என்னும் பகுதி, நம்பியாரூரர் என்ற இயற்பெயருடைய சுந்தரரின் திருமணம் புத்தூரில் நடைபெறவிருந்த வேளையில், குடையும் தண்டும் தாங்கிய ஒரு முதிய அந்தணர் பந்தலுக்குள் புகுந்து, மணமகன் தனக்கு வழிவழி அடிமை என்று உரிமை கோரியதைச் சொல்கிறது. அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாவது உலகில் இல்லாத வழக்கு என்று வாதிட்ட சுந்தரர், முதியவரைப் பித்தன் என்று இகழ்ந்து, அவர் கையிலிருந்த ஆளோலையை, அதாவது ஒருவர் தம்மை மற்றொருவருக்கு ஆளாக எழுதிக் கொடுத்த பத்திரத்தைப் பறித்துக் கிழித்துப் போட்டார். முதியவரோ கலங்கவில்லை. கிழிந்தது படி ஓலைதான் என்றும், மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றும் கூறி, வழக்கை அவ்வூர் அவைக்குக் கொண்டுசென்றார். அவையத்தார் மூல ஓலையை வாங்கிப் படித்தனர். திருநாவலூர் ஆரூரர் என்ற பாட்டனார் தாமும் தம் மரபினரும் வழித்தொண்டு செய்வதாக மனமொப்பி எழுதியிருந்தார். பாட்டனாரின் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் அருகருகே வைத்து எழுத்தின் வடிவை ஒப்புநோக்கிய பின்னரே சுந்தரர் தோற்றார் என்று அவை தீர்ப்பளித்தது. அவ்வூரில் உமது வீடு எது என்று கேட்டபோது, முதியவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார்.

இறையருளைச் சொல்ல வந்த காவியம் இவ்வளவு நுணுக்கமாக ஒரு பத்திர வழக்கை விவரிப்பது தற்செயல் அன்று. ஆண்டானுக்குச் சாவில்லை என்றால் அடிமையின் கடமைக்கும் முடிவில்லை. பாட்டன் இட்ட கையெழுத்து பேரனையும் பேரனுக்குப் பின் வருவோரையும் கட்டுகிறது. மனிதர்க்கிடையே இத்தகைய பத்திரம் கொடுமையானது, ஏனெனில் பிறவாத ஒருவனின் சம்மதத்தை எவராலும் முன்கூட்டி எழுதித் தர இயலாது. சேக்கிழார் இந்த இடரை உணர்ந்திருந்தார் என்றே கொள்ளவேண்டும். பாட்டனாரின் ஓலையோடு அவர் நிறுத்தவில்லை. நூலின் தொடக்கத்திலேயே, கயிலையில் இறைவனுக்கு அணுக்கத் தொண்டராயிருந்த சுந்தரர் மண்ணுலகில் பிறக்க நேர்ந்தபோது, தாம் மயங்கும் வேளையில் தம்மைத் தடுத்து ஆட்கொள்ளவேண்டும் என்று தாமே வேண்டிக்கொண்டதாக அமைத்திருக்கிறார். ஆகவே வெண்ணெய்நல்லூர் அவை கண்டது பாட்டனின் கையெழுத்தை மட்டுமே. சுந்தரரைக் கட்டியதோ அவரே மறந்துபோயிருந்த அவரது சொந்த விருப்பம்.

இதே திருவெண்ணெய்நல்லூரில்தான் 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களால் ஆன சிவஞானபோதத்தை அருளினார். சைவ சித்தாந்தம் என்னும் அந்த மெய்ப்பொருளியல் மூன்று பொருள்களை ஏற்கிறது: பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், உயிரைக் கட்டும் பாசம். உயிரின் இயல்பைச் சொல்லும்போது சித்தாந்திகள் பயன்படுத்தும் ‘சார்ந்ததன் வண்ணமாதல்’ என்ற கருத்து, இக்கட்டுரையின் கேள்விக்கு நேரான திறவுகோல். பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுவதைப் போல, உயிரும் தனித்து நிற்க மாட்டாமல், எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுகிறது என்பது அதன் பொருள். உயிர் எவரையும் சாராமல் இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சித்தாந்தம் ஏற்பதில்லை. எனவே அங்கே எழும் கேள்வி அடிமையாவதா வேண்டாமா என்பதாக இல்லாமல், யாருக்கு ஆளாவது என்பதாகவே அமைகிறது.

பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட டிராகுலா நாவலில் வரும் ரென்ஃபீல்டு, மெய்கண்டாரைக் கேள்விப்படாத ஒருவரின் கற்பனையில் பிறந்தும், இக்கருத்துக்கு மிகத் தெளிவான சான்றாக நிற்கிறான். மனநோய் விடுதியில் அடைபட்டுக் கிடக்கும் அவன், டிராகுலா பிரபுவின் வருகையை எதிர்நோக்கியபடி ஈக்களைப் பிடித்துச் சிலந்திகளுக்கும், சிலந்திகளைக் குருவிகளுக்கும் தீனியாக்கி, இறுதியில் அவற்றையே உயிரோடு விழுங்குகிறான். பிற உயிர்களைத் தின்று வாழ்பவனைச் சார்ந்தவன், பல் முளைப்பதற்கு முன்பே அவனது பசியைப் பெற்றுவிட்டான். சாகா வரம் கிடைக்கும் என்ற ஆசை அவனை ஈர்த்தது. ஆனால் மீனா என்ற பெண்ணின் குருதி பருகப்படுவதை உணர்ந்தபோது அவன் ஆண்டானை எதிர்த்து நின்று, அதற்காகவே கொல்லப்பட்டான். அவ்வளவு கெட்டழிந்த பின்னும் ஓர் உயிரில் எதிர்த்து நிற்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும் என்று காட்டிய இடம் அந்நாவலின் மேன்மையான பகுதி. பாசம் உயிரின் அறிவை மறைக்குமேயன்றி அழிக்காது என்பதே சித்தாந்தமும் சொல்வது.

இரு ஆண்டான்களுக்கும் இடையிலான வேறுபாடு எங்கே இருக்கிறது? அழகிலோ, ஆற்றலிலோ, சாவின்மையிலோ அது இல்லை, ஏனெனில் கதையின் பிரபுவுக்கும் இவை யாவும் உண்டு. வேறுபாடு தேவையில் இருக்கிறது. பதி குறைவற்றது என்றும், படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் ஆகிய ஐந்தொழிலும் உயிர்களின் நன்மைக்காகவே நிகழ்கின்றன என்றும், அவற்றால் இறைவன் பெறுவது ஒன்றுமில்லை என்றும் சித்தாந்தம் வற்புறுத்துகிறது. கோயிலில் படைக்கப்படும் நிவேதனம் படைத்தவர் கைக்கே பிரசாதமாகத் திரும்பி வருவது இக்கொள்கையின் கண்கண்ட வடிவம். குருதி குடிப்பவனிடம் எதுவும் திரும்பி வருவதில்லை. அவனுடைய வாழ்வு ஏவலாளின் தேய்வு. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அடிமை ஓலையோடு தொடங்கிய சுந்தரர் தம்பிரான் தோழர் என்று பெயர் பெற்று, மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க ஆண்டானையே தூது அனுப்பும் அளவுக்கு உயர்ந்தது விளங்கும். சைவம் இறைவனை அடையும் நெறிகளை நான்காக வகுத்து, ஊழியனின் நெறியான தாச மார்க்கத்துக்கு அப்பரையும், மகனின் நெறியான சற்புத்திர மார்க்கத்துக்குச் சம்பந்தரையும், தோழனின் நெறியான சக மார்க்கத்துக்குச் சுந்தரரையும், ஞான நெறியான சன்மார்க்கத்துக்கு மாணிக்கவாசகரையும் எடுத்துக்காட்டாக்குகிறது. கிளிமுகம் கொண்ட சுகர் வழிபட்டதாகத் தல வரலாறு கூறும் கிளியனூர், அதாவது தேவாரம் கூறும் திருக்கிளியன்னவூர், அந்தச் சம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். அப்பதிகம் பழைய தொகுப்புகளில் இடம்பெறாமல் பிற்காலத்தில் கிடைத்தது. பத்திரத்தால் ஆளான சுந்தரரும் உமையின் பாலுண்டு மகனான சம்பந்தரும் ஒரே ஆண்டானைப் பாடினர் என்பதிலிருந்து, நுழைந்த வாயில் எதுவாயினும் ஆண்டானின் இயல்பே முடிவை நிர்ணயிக்கிறது என்று துணியலாம்.

பசியுள்ள ஒன்றுக்கு ஊட்டிக்கொண்டே இருப்பதை இந்நிலத்தின் சமயம் தொண்டு என்று சொல்லவில்லை, தோஷம் என்றது. இதற்குச் சான்று மேல்மலையனூர் அங்காளம்மன் வழிபாடு. பிரமனின் ஐந்தாம் தலையைக் கொய்த சிவபெருமானின் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டு, பிச்சையாக இட்ட உணவையெல்லாம் தானே தின்றுவிட, ஏந்தியவர் பசியோடு ஊர் ஊராக அலைந்தார் என்பது தல வரலாறு. ஆண்டவனையே ஏவலாளாக்கிய ஒரு பிணத்தின் பசி அது. அங்காளம்மன் கபாலத்துக்கு மேலும் மேலும் ஊட்டி அதை அடக்கவில்லை. உணவைச் சுடுகாட்டு மண்ணில் சூறையாக இறைத்தாள், அதை உண்ணக் கபாலம் கையை விட்டுக் கீழே இறங்கியது, இறங்கியதைக் காலால் மிதித்து அடக்கினாள். மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் நடக்கும் மயானக் கொள்ளையில், வேகவைத்த பயறும் கொழுக்கட்டையும் காய்களும் கூட்டத்தின் மேல் வீசப்படுவதும், அவற்றை மக்கள் பாய்ந்து பொறுக்கி நோய் தீர்க்கும் பொருளாக வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் அந்நிகழ்ச்சியின் மறுநடிப்பே. ஒரு வாய் மட்டுமே விழுங்கிக்கொண்டிருந்த உணவு அன்று ஊருக்கெல்லாம் உரியதாகிறது. கிராம வழிபாடு என்று எளிதில் தாண்டிச் செல்லும் அறிஞர்கள் இங்கே சற்று நின்றிருக்க வேண்டும். சாத்திரம் சூத்திரமாகச் சொன்னதை மேல்மலையனூர் உடலால் செய்து காட்டுகிறது.

வேதாளக் கதையும் இதற்கு அயலானது அன்று. பாபிங்டன் தமிழிலிருந்து மொழிபெயர்த்து 1831இல் லண்டனில் வெளிவந்ததும், ரிச்சர்டு பர்ட்டன் 1870இல் ஆங்கிலத்தில் விரித்து எழுதியதுமான அக்கதையில், விக்கிரமாதித்தன் சுடுகாட்டு மரத்திலிருந்து பிணத்தைச் சுமந்து வருவது ஒரு யோகிக்குக் கொடுத்த வாக்கினால். பிணத்துள் புகுந்திருக்கும் வேதாளமே அச்சத்துக்குரியது என்று கேட்பவர் எண்ணிக்கொண்டிருக்க, அரசனைப் பலியிட்டுச் சித்தி பெறக் காத்திருப்பவன் யோகி என்பதை இறுதியில் அந்த வேதாளமே அறிவித்து அரசனைக் காப்பாற்றுகிறது. ஆண்டானைத் தோற்றத்தால் அறியமுடியாது. அவன் தன்னிடம் எதை வேண்டுகிறான் என்பதை ஏவலாள் கேட்டாக வேண்டும்.

அளவுகோல் தெளிவானது என்பதால் அதன் வரலாறும் தூயது என்று கொள்வதற்கில்லை. ஆளோலை சேக்கிழாரின் கற்பனைப் பொருள் அன்று. மனிதர் தம்மை விற்றுக்கொண்ட பத்திரங்கள் சோழர் கால வாழ்வில் நடைமுறையில் இருந்தவை. 1201இல் பஞ்சத்தில் தவித்த வேளாளர் ஒருவர் தம் இரு மகள்களோடு 110 காசுக்குத் தம்மைக் கோயிலுக்கு விற்றதைத் திருப்பாம்புரக் கல்வெட்டு பதிவு செய்கிறது. இறைவனுக்குத் தேவை இல்லை. ஆனால் அவன் பெயரால் நிலமும் நெல்லும் ஆண்ட கோயிலுக்கு உழைக்கும் கைகள் தேவைப்பட்டன. சாவற்ற உரிமையாளன் பெயரில் எழுதப்பட்ட அடிமைத்தனம் சாவற்றதாகவே நீண்டது. விக்டோரியா காலத்தில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதை நிறுத்தியது. 1860இன் தண்டனைச் சட்டம் அடிமை வாணிகத்தைக் குற்றமாக்கியது. ஆயினும் படியளந்து வேலை வாங்கப்பட்ட படியாள், அதாவது முன்பணக் கடனால் ஒரு பண்ணையோடு கட்டுண்ட உழவுத் தொழிலாளி, தந்தையின் கடனை மகன் சுமக்கும் நிலையிலேயே இருந்ததை, விழுப்புரத்தை அடுத்த செங்கல்பட்டின் ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை எடுத்துரைத்தது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல்தான் வந்தது. விக்டோரியா காலத்து மனித ஏவலாளைத் தேடுவோர் லண்டன் மாளிகைகளுக்குப் போகவேண்டியதில்லை. பாட்டன் வாங்கிய முன்பணத்துக்குப் பேரனின் உடலைத் தின்ற பசி இங்கேயே இருந்தது.

அதே விக்டோரியா காலத்திலேயே கோபாலகிருஷ்ண பாரதியார், தீண்டாதாராக ஒதுக்கப்பட்ட உழவுத் தொழிலாளியான அடியார் நந்தனின் கதையைச் சொல்லும் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில், பெரியபுராணத்தில் இல்லாத ஒரு வேதியரைப் பண்ணையாராகப் படைத்து, நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்த பிறகே சிதம்பரம் போகலாம் என்று அவர் நந்தனிடம் நிபந்தனை விதிப்பதாக அமைத்தார். நந்தனுக்கு அங்கே இரண்டு ஆண்டான்கள்: அவன் உழைப்பு இல்லாமல் வாழ முடியாத ஒருவர், அவனிடம் எதுவும் வேண்டாத ஒருவர். பாரதியாரின் இந்தச் சேர்க்கையைச் சிலர் புராணத்துக்கு மாறானது என்று குறை கூறுவதுண்டு; ஆனால் சித்தாந்தம் வகுத்த வேறுபாட்டைப் பண்ணை நிலத்தில் நிறுத்திக் காட்டியதில் அது புராணத்தின் உட்பொருளுக்கே நெருங்கி நிற்கிறது.

எஞ்சுவது ஒரு கடினமான இடம். சிதம்பரமாகிய தில்லையில் நந்தனார் எரியில் மூழ்கி முனிவர் உருவோடு எழுந்த பின்னரே உள்ளே சென்றார் என்றும், அவ்வாறு செய்ய இறைவனே கனவில் பணித்தான் என்றும் சேக்கிழார் பாடுகிறார். ஒன்றும் வேண்டாத ஆண்டான் அடியாரின் உடலை நெருப்பில் வேண்டினானா என்ற கேள்வியைச் சைவர் தவிர்க்கக்கூடாது. அதற்கான விடையும் அதே புராணத்திலேயே, தில்லைக்கு முந்தைய திருப்புன்கூர் நிகழ்ச்சியில் இருக்கிறது. அங்கே வாயிலுக்கு வெளியே நின்ற நந்தனாரின் பார்வையை நந்தி மறைத்தபோது, இறைவன் அவரிடம் எந்த மாற்றத்தையும் கேட்காமல் நந்தியை விலகச் செய்து, அவர் நின்ற இடத்திலேயே, அவர் இருந்த உடலிலேயே காட்சி தந்தான். நெருப்பைத் தேவையாக்கியது ஆண்டான் அல்லன், அவன் வாயிலைக் காத்தவர்களின் உலகம் என்று திருப்புன்கூரைக் கொண்டே தில்லையைப் படிக்கவேண்டும். அப்படிப் படிக்க மறுக்கும் விளக்கம் எதுவும், மெய்கண்டார் குறைவற்றது என்று காட்டிய பதிக்கு ஒரு பசியைக் கற்பிப்பதாகவே முடியும்.