கசியும் கலமும் புலனடக்கமும்

கூழாங்கற்களை வீட்டிலேயே மெருகேற்றிக் கொள்ள உதவும் சிறு இயந்திரம் ராக் டம்ளர். மோட்டார் ஒரு பெல்ட்டை இழுக்க, பெல்ட் ஒரு தண்டைச் சுழற்ற, தண்டின் மேல் கிடக்கும் ரப்பர் பீப்பாய் மெதுவாக உருளும். பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கற்கள், அவை மூழ்கும் அளவுக்குச் சற்றுக் குறைவாக நீர், சில கரண்டி சிலிக்கான் கார்பைடு தூள். முதல் கட்டத்துக்கு 60/90 என்ற கரடுத் தூள், பிறகு 120/220, அடுத்து 500, கடைசியில் அலுமினியம் ஆக்சைடு போன்ற மெருகுத்தூள். கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம். இத்தனை நாளும் இரவு பகலாக உருளும் பீப்பாயில் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது.

சிந்தினால் இழப்பு நீரோடு நிற்பதில்லை. நீர் குறையக் குறைய உள்ளிருக்கும் கல்சேறு கெட்டிப்பட்டுச் சுவரில் அப்பிக்கொள்ளும். கற்கள் வழுக்கி உராய்வதற்குப் பதில் ஒன்றையொன்று இடித்துச் சில்லுப் பெயரும். வெளியே வழிந்த ஈரம் தண்டில் பட்டால் பீப்பாய் பிடிப்பிழந்து நின்றுவிடும். மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், வேலை நடக்காது.

கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் சிறியது. மூடி அமரும் விளிம்பில் ஒட்டிய நாலைந்து மணல் துகள் போதும். கசிவதைக் கண்டதும் நட்டை இன்னும் முறுக்கத்தான் கை போகும். முறுக்கினால் மூடி வளையும், கசிவு கூடும். முறையான பழுதுபார்ப்பு எதிர்த்திசையில் செல்கிறது: மூடியைக் கழற்றி, விளிம்பையும் மூடியின் பள்ளத்தையும் ஈரத்துணியால் துடைத்து, விரலால் தடவி நறநறப்பு இல்லை என்று உறுதி செய்து, நேராக அமர்த்தி, அளவாக இறுக்குவது. பெட்ரோலிய ஜெல்லி தடவினால் அப்போதைக்கு நிற்கும். நாளடைவில் ரப்பரைக் கெடுக்கும். தேய்ந்த மூடியை மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்றும் உண்டு. சில வகைக் கற்களும் தூளும் நீரோடு சேர்ந்து வாயுவை வெளியிடும். அப்போது இறுக மூடிய பீப்பாய் உப்பும். அவ்வப்போது திறந்து காற்றை விட்டு மூடாவிட்டால் மூடி பிதுங்கும். ஓயாமல் கசியும் பீப்பாயும் உதவாது, ஒருபோதும் திறக்காத பீப்பாயும் உதவாது.

மனித மனத்தைக் கசியும் கலமாகக் கண்ட சிந்தனை மிகப் பழையது. கிரேக்கத்திலும் ரோமிலும் இந்தியாவிலும் அது வளர்ந்தது. அதன் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: ஆசை ஓயாமல் ஒழுகும் மனத்தை அடைத்துவிடுவதுதான் நல்வாழ்வா? அடைத்த பிறகு அந்தக் கலத்துக்குள் என்ன இருக்க வேண்டும்?

மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் இதை நேராகத் தொடுகிறது. புலன்களில் ஒன்று மட்டும் வசமிழந்தாலும், தோற்பையின் ஒரு கால்முனை வழியே நீர் முழுவதும் ஒழுகிப் போவதுபோல அறிவு ஒழுகிவிடும் என்பது அதன் 99ஆம் சுலோகத்தின் கருத்து. இங்கே எத்தனை துளைகள் என்பது கணக்கில்லை. நான்கு புலன்களை அடக்கியவன் ஐந்தில் நான்கு பங்கு ஞானி ஆகிவிடுவதில்லை. கலம் ஒன்று, ஆகவே ஒரு துளை முழுக் கலத்தின் துளை.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய ‘கோர்கியாஸ்’ உரையாடலில் இந்தக் கேள்விக்கு வலுவான எதிர்வாதமும் எழுகிறது. சாக்ரடீஸ் இரண்டு மனிதர்களைக் காட்டுகிறார். இருவரிடமும் பல சாடிகள். மதுவும் தேனும் பாலும் அரிதில் தேடிக் கொணர்ந்து நிரப்ப வேண்டியவை. ஒருவனுடைய சாடிகள் பழுதற்றவை. நிரப்பிவிட்டான், நிம்மதியாக இருக்கிறான். மற்றவனுடைய சாடிகள் ஓட்டையானவை. இரவும் பகலும் ஊற்றிக்கொண்டே இருக்கிறான், நிறுத்தினால் துன்பம். இவர்களில் யார் மகிழ்ச்சியானவன் என்று கேட்கிறார் சாக்ரடீஸ்.

எதிரே இருக்கும் கல்லிக்ளீஸ் மசிவதில்லை. நிரப்பி முடித்தவனுக்கு இன்பமும் முடிந்துபோயிற்று. அவன் வாழ்வது கல்லின் வாழ்வு என்கிறான். இன்பம் என்பதே பாய்ந்து வந்து சேர்வதில் இருக்கிறது. ஆகவே நிறைய வரட்டும். அப்படியானால் வெளியேறுவதும் நிறைய இருக்க வேண்டுமே, துளைகளும் பெரிதாக இருக்க வேண்டுமே என்று சாக்ரடீஸ் மடக்குகிறார். கல்லிக்ளீஸ் அதையும் ஒப்புக்கொள்கிறான். சொறியும் அரிப்பும் வாழ்நாள் முழுவதும் இருந்தால் அதுவும் இன்பவாழ்வா என்ற அடுத்த கேள்வியில்தான் அவன் முகம் சுளிக்கிறான். ஆனால் வாதத்தில் தடுமாறியதால் அவன் எழுப்பிய ஐயம் பொய்த்துவிடவில்லை. வெறும் நிறைவு, அசைவற்ற நிறைவு, எதற்காக? சாக்ரடீஸின் இரண்டு சாடிகளில் நல்லது எது என்று தெரிகிறது; நல்ல சாடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அந்த உவமை சொல்வதில்லை.

கி.மு. 1ஆம் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸ், கிரேக்கத் தத்துவஞானி எபிகியூரஸின் வழியில் நின்று இதே கலத்தை மீண்டும் சோதிக்கிறார். அவருடைய நூலின் ஆறாம் பகுதித் தொடக்கத்தில் கலத்துக்கு இரண்டு குற்றங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, ஓட்டை, எதை ஊற்றினாலும் நிரம்பாது. மற்றொன்று, உள்ளழுக்கு, ஊற்றிய நல்லதையும் அது தன் நாற்றத்தால் கெடுத்துவிடும். வாழ்வுக்குத் தேவையானவை கிட்டத்தட்ட எல்லாம் கைக்கு வந்த பின்னும் மனிதன் புழுங்குவதற்குக் காரணம் பொருளின் குறை அன்று, கலத்தின் குறை என்பது அவர் முடிவு. இரண்டாவது குற்றம் கல் மெருகேற்றுவோர் நன்கு அறிந்தது. கரடுத் தூளின் ஒரு சிட்டிகை மிச்சம் பீப்பாய்ச் சுவரில் தங்கிவிட்டால், மெருகுக் கட்டத்தில் அதே தூள் ஒவ்வொரு கல்லிலும் கீறல் போடும். பீப்பாய் கசியவில்லை என்பதால் அது சுத்தம் என்று ஆகிவிடாது.

சமணம் இந்தக் கருத்தின் திசையைத் திருப்புகிறது. கிரேக்கருக்குக் கவலை உள்ளிருப்பது வெளியே போவது. சமணருக்குக் கவலை வெளியிலிருப்பது உள்ளே வருவது. அவர்களின் கொள்கையில் வினை என்பது நுண்ணிய பருப்பொருள். மனம், மொழி, மெய் ஆகிய மூன்றின் செயலும் அது உயிருக்குள் நுழையும் வாயில். இந்த நுழைவுக்கு ஆஸ்ரவம் என்று பெயர். கோபம், செருக்கு, வஞ்சம், பேராசை ஆகிய நான்கு கஷாயங்கள் இருந்தால் நுழைந்தது ஒட்டிக்கொள்ளும். அவை இல்லாதவனிடம் வந்தது தங்காமல் போய்விடும். உத்தராத்யயன சூத்திரத்தின் 23ஆம் அத்தியாயத்தில் சமண முனிவர்களான கேசியும் கௌதமரும் உரையாடும்போது உடல் படகாகவும் உயிர் படகோட்டியாகவும் பிறவி கடலாகவும் வருகின்றன. ஓட்டைப் படகு கரை சேராது, ஓட்டையில்லாத படகு சேரும் என்கிறார் கௌதமர்.

அடைப்பதற்குச் சமணம் தரும் பெயர் சம்வரம். உமாஸ்வாதியின் தத்வார்த்த சூத்திரம் ஒன்பதாம் அத்தியாயத்தில் அதற்கான வழிகளை எண்ணிக் கொடுக்கிறது: காப்பு மூன்று, கவனம் ஐந்து, அறம் பத்து, சிந்தனை பன்னிரண்டு, பொறுத்துக்கொள்ள வேண்டிய இடர்கள் இருபத்திரண்டு, ஒழுக்கநிலை ஐந்து, ஆக 57. நடக்கும்போது காலடியைப் பார்த்து நடப்பதும், பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் சிற்றுயிர் நசுங்காமல் பார்ப்பதும் இந்தப் பட்டியலில் அடங்கும். ஒரே மூச்சில் புலன்களை நெரித்துவிடு என்று அது சொல்வதில்லை. விளிம்பை ஒவ்வோர் இடமாகத் துடைக்கச் சொல்கிறது.

ஆனால் சமணத்தின் ஏழு தத்துவங்களில் சம்வரம் ஐந்தாவதுதான். அதற்குப் பின் நிர்ஜரை இருக்கிறது: ஏற்கெனவே உள்ளே சேர்ந்துவிட்ட வினையைத் தவத்தால் உதிர்ப்பது. உத்தராத்யயனத்தின் 30ஆம் அத்தியாயம் இதற்கு ஏரியை உவமை காட்டுகிறது. வரத்துக்காலை அடைத்தால் மட்டும் ஏரி வற்றாது. உள்ள நீரை இறைக்க வேண்டும், வெயிலும் காய வேண்டும். கல்லிக்ளீஸ் எழுப்பிய ஐயத்துக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. அடைத்தது சும்மா இருப்பதற்காக இல்லை. வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது.

பௌத்தத்தின் பாலி மரபில் மஜ்ஜிம நிகாயத்தின் இரண்டாவது சூத்திரமான சப்பாசவ சூத்திரம் மற்றொரு திருத்தம் சேர்க்கிறது. ஆசவங்களை, அதாவது மனத்தின் கசிவுகளை, அகற்றும் வழிகள் அதில் ஏழு. சரியான பார்வையால் சில நீங்கும், புலனடக்கத்தால் சில. உணவையும் உடையையும் முறையாகப் பயன்படுத்துவதால் சில, பொறுத்துக்கொள்வதால் சில, விலகிச் செல்வதால் சில, விரட்டுவதால் சில, தியானப் பயிற்சியால் சில. புலனடக்கம் ஏழில் ஒன்று. எந்தக் கசிவுக்கும் ஒரே மருந்து போதும் என்ற நினைப்பை இந்தச் சூத்திரம் ஏற்பதில்லை. பசியைப் பொறுத்துக் கொள்ளலாம். தவறான கொள்கையைப் பொறுத்துக்கொண்டு நீக்க முடியாது, தெளிந்து பார்த்துத்தான் நீக்க முடியும்.

இந்த மரபுகள் கடவுளிலும் உயிரிலும் மறுமையிலும் ஒன்றையொன்று மறுப்பவை. எபிகியூரஸுக்கு மறுபிறவி இல்லை. சமணருக்கு எண்ணற்ற பிறவிகள். பௌத்தருக்கு நிலையான ஆன்மா இல்லை. ஆயினும் கலத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு இடங்களில் நெருங்கி நிற்கின்றன. முதலாவது, பழுதை ஊற்றும் பொருளில் தேடாமல் கலத்தில் தேட வேண்டும். வருவாயையும் இன்பத்தையும் பெருக்கி ஓட்டையை வெல்ல முடியாது. இரண்டாவது, பழுது பெரும்பாலும் விளிம்பில், உலகமும் மனமும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அங்கே வேண்டியது பலம் அல்ல, கவனம். விரதத்தை வெறியாகக் கைக்கொள்பவர் பலர் சில நாளில் முன்னிலும் மோசமாக உடைவது முறுக்கிய நட்டின் கதைதான்.

அடைத்த பிறகு என்ன என்ற மூன்றாவது ஒன்றில் மரபுகள் பிரிகின்றன. இதில் சாக்ரடீஸின் சாடியைவிடச் சமணரின் ஏரி நெடுந்தூரம் செல்கிறது. நிறைந்து மூடிய சாடி முடிந்த காரியம். கசிவு நின்ற பீப்பாய் அப்படியில்லை. அதற்குள் வாரக்கணக்கில் உரசல் நடக்க வேண்டும், அடிக்கடி திறந்து பார்க்க வேண்டும், கட்டம் மாறும்போதெல்லாம் கழுவ வேண்டும். அடக்கத்தைத் துறவின் கடைசிப் படியாக வைத்து வணங்குகிறவர்கள், மூடி கசியாததையே கல்லின் மெருகு என்று எண்ணுகிறார்கள். அடக்கம் முதல் தகுதி மட்டுமே. அதற்குப் பின் உள்ளே எதைத் தேய்த்தோம் என்பதைக் கொண்டே ஒரு வாழ்வை மதிப்பிட வேண்டும்.