திருப்பிச் சொல்ல முடியாத சொல்

திருநெல்வேலியில் பஸ் கண்டக்டர் அண்ணாச்சி. டீக்கடைக்காரரும் அண்ணாச்சி. அவரும் நம்மிடம், ‘அண்ணாச்சிக்குச் சீனி கம்மியா?’ என்றுதான் கேட்பார். யாருக்கு எவ்வளவு சொத்து என்று அந்தச் சொல் விசாரிக்காது. இரண்டு பக்கமும் போய்வரும். சென்னைக்கு ரயிலேறியதும் அது ஒரு தொழிலின் பெயராகிவிட்டது. அங்கே அண்ணாச்சி கடை என்றால் மளிகைக் கடை.

தாமிரபரணி பாயும் வயல்காட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே போனார்கள்தான். ஆனால் படிப்போடு, ஆபீஸ் வேலைக்கு. அங்கே போனதும் பலர் முதலில் கழற்றி வைத்தது ஊர்ப்பேச்சை. தெற்கே திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையை விட்டால் நம்பிக்கையாக நிற்பது வேறொன்றுமில்லை. அங்கிருந்து கடைவேலைக்குக் கிளம்பிய பையன்களுக்கோ, பெரும்பாலும் நாடார் வீட்டுப் பிள்ளைகள், பேச்சுதான் முதல். ‘எந்தூருலே? யாரு மவன்?’ இரண்டு கேள்வியில் ஜாமீன் முடிந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி (இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி) எழுந்ததும் இப்படி ஆளறிந்த நம்பிக்கையின் மேல்தான். அந்த இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் இல்லாதவனுக்குக் கதவு திறக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு வாக்கு இருந்தது. பொட்டலம் மடிக்கிற பையன் சில வருஷம் கழித்து வேறொரு தெருவில் தனிக்கடை போடலாம். முதலாளியே சரக்கைக் கடனுக்குக் கொடுப்பார். எல்லாருக்கும் வாய்க்கவில்லை. ஏச்சையும் தூக்கமில்லாத ராத்திரிகளையும் அவன் பொறுத்துக்கொண்டது அந்த வாக்கை நம்பித்தான்.

பிறகு பலமாடி ஜவுளிக்கடைகள் வந்தன. ஆளெடுக்கிற முறை அதேதான்: அதே ஊர், அதே ‘யாரு மவன்’. ஆனால் நாலாவது மாடியில் புடவை விரிக்கிறவன் எந்தக் காலத்தில் நாலு மாடி கட்டப் போகிறான்? வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ (2010) காட்டியது இந்தப் பிள்ளைகளைத்தான். வாடிக்கையாளரிடம் ‘வாங்க மேடம்’. முதலாளிக்கு ‘அண்ணாச்சி’. அங்கிருந்து திரும்பி வருவது ‘ஏலே’. ஊரில் கூட்டாளி தோளில் கைபோட்டுச் சொல்லும் ‘ஏலே’வுக்கும் இதற்கும் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது. திருப்பிச் சொல்ல முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

வட்டார வழக்கு அழிஞ்சு போவுதேன்னு நாம கவலப்படுதோம். இந்தக் கடைகளில் அது பத்திரமாகத்தான் இருக்கிறது. சம்பளம் பிடிக்கும்போதும் அதே பாசமான தமிழ்.

2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும். இத்தனை வருஷ உறவுமுறையால் ஒரு முக்காலி வாங்கித் தர முடியவில்லை, சட்டம் வர வேண்டியிருந்தது. சட்டத்தின் மொழி உப்புச்சப்பில்லாதது. அதில் அண்ணாச்சியும் இல்லை, ஏலேயும் இல்லை. பணியாளர் என்று மட்டும் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் இருக்கையில் உட்கார்ந்த அடுத்த நிமிஷம், ‘என்னலே, காலு வலிக்கோ?’ என்று ஒரு குரல் வருமென்றால், எத்தனை பேர் உட்காருவார்கள்?