மறுக்கவும் ஓர் இடம்

சிறுநீரக மாற்று பற்றிக் கண்டியில் நடந்த பயிற்சி வகுப்புக்கு நுவரெலியாவிலிருந்து போயிருந்தேன். இரத்த வகை, திசுப் பொருத்தம், ஆயுள் முழுக்க விழுங்கவேண்டிய டக்ரோலிமஸ் என்று பாடங்கள் நிறைய இருந்தன. மனதை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொன்று. சிறுநீரகம் தர முன்வருபவரை வைத்தியர் தனியாக உட்காரவைத்துப் பேசவேண்டும். அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால், 'இவர் இதற்குப் பொருந்தவில்லை' என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லலாம். பல நாடுகளில் உள்ள வழக்கம் இது.

வைத்தியர் உண்மையை மறைக்கலாமா என்ற கேள்வி எழத்தான் செய்தது. ஆனால் மனம் இசையாதபோது உடலும் தானத்துக்குப் பொருந்தாததுதான். அந்த ஒரு வாக்கியம், மறுத்தவரைக் குடும்பத்தின் கோபத்திலிருந்து காக்கிறது. அன்புக்குள்ளும் மறுக்க ஓர் இடம் வேண்டும் என்பதே இதன் சாரம்.

அந்த இடம் தொடக்கத்திலேயே இருந்தது. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் முர்ரே குழுவினர் செய்ததே வெற்றிபெற்ற முதல் சிறுநீரக மாற்று. தந்தவர் ரொனால்ட் ஹெரிக். பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். நோயற்ற ஒருவரின் உடலில் கத்தி வைக்கலாமா என்று வைத்தியர்கள் மதகுருமாரிடமும் ஆலோசனை கேட்டார்கள். சாகக் கிடந்த ரிச்சர்டே, சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, நீ வீட்டுக்குப் போய்விடு என்று சகோதரருக்குச் சீட்டு அனுப்பினார். ரொனால்ட் போகவில்லை. ரிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். போக வழியிருந்தும் நின்றதால்தான் அது கொடை.

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் அந்த வழி யாருக்குத் திறந்திருக்கிறது? லயத்துக் காம்பராவில் ஒருவருடைய நோய் எல்லோர் கண்ணெதிரிலும் கிடக்கிறது. யார் தருவது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பார்வைகள் அம்மாவிடமோ அக்காவிடமோ போய் நிற்கும். உலகெங்கும் உயிரோடு சிறுநீரகம் தருபவர்களில் பெண்களே அதிகம். அந்தப் பெண் இங்கே கொழுந்து பறிப்பவள். சத்திரசிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் அவள் பாரம் தூக்கக்கூடாது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். மலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. எஞ்சிய சிறுநீரகம் சற்றுப் பெருத்து, இரண்டும் செய்த வேலையின் பெரும்பகுதியைத் தானே செய்யும். தந்தவர்களில் பெரும்பாலானோர் நலமாகவே வாழ்கிறார்கள். ஆனாலும் ஆண்டுதோறும் பிரஷர், சிறுநீர், கிரியாட்டினின் பார்த்தாகவேண்டும். பெற்றவரிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது, தந்தவளிடமும் இருக்கவேண்டும்.

அம்மா தருவது அன்பினால்தான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வேறு வழியே இல்லாத இடத்தில், எது அன்பு, எது கட்டாயம் என்று அவளாலேயே பிரித்தறிய முடியாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் பல வேளை பேச்சு சிங்களத்தில் நடக்கிறது. மொழிபெயர்க்க மகனோ மருமகனோ பக்கத்தில் இருந்தால், அவளைத் தனியாகக் கேட்டதாக ஆகாது. அவளுடைய மொழியில், உறவினர் இல்லாத அறையில் பேசினால்தான் அவள் சொல்லும் 'சரி'க்குப் பொருள் உண்டு.

உயிரோடு தருபவர்மேல் விழும் சுமையைக் குறைக்க இன்னொரு வழியும் உண்டு. 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தந்தார்கள். அதன்பின் தமிழ்நாட்டில் உறுப்புக்கொடை பற்றிய பேச்சு வீடுகளுக்குள்ளும் வந்தது. இலங்கையில் 1987-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் இப்படி இறந்தவரின் உறுப்புகளைத் தர இடம் தருகிறது. கண்தானத்தில் உலகுக்கே கொடுத்துப் பழகிய நாடு இது. மூளைச்சாவடைந்த ஒருவரிடமிருந்து சிறுநீரகம் கிடைக்கும்போது, எங்கோ ஓர் அக்காவின் மேல் அந்தப் பார்வைகள் விழாமல் போகின்றன.

எனக்கு மூளைச்சாவு நேர்ந்தால் உறுப்புகளைக் கொடுத்துவிடுங்கள் என்று என் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். இனி என்னிடம் வரும் குடும்பங்களில், தர முன்வருபவரை முதலில் தனியே, தமிழில் கேட்பேன். வேண்டாம் என்றால் அந்தச் சொல்லை அவருக்காக நான் காப்பேன். சரி என்றால், சிறுநீரகம் பெற்றவரை அழைப்பதுபோல அவரையும் ஆண்டுதோறும் கிளினிக்குக்கு அழைப்பேன்.