படுக்கைக்குப் பாறை, பசிக்கு ஊர்

மதுரைக்கு வடகிழக்கே மாங்குளம் பக்கம், மீனாட்சிபுரத்துக் குன்றில் ஏறினால் சமண முனிவர்களின் கற்படுக்கைகளைப் பார்க்கலாம். பாறையைச் செதுக்கி, தலைமாட்டில் மட்டும் கொஞ்சம் மேடு விட்டிருக்கிறார்கள். மழைநீர் உள்ளே இறங்காமல் குகை முகப்பில் ஒரு காடி. உடைமை அவ்வளவுதான். விட விட உயிர் மேலேறும் என்பது அவர்கள் நெறி.

கீழே அவரைக்கொடியிலும் ஏதோ துறவு போலத்தான் நடக்கிறது. கொழுந்தில் அப்பிக்கிடக்கும் அசுவினியின் உடலுக்குள், அதற்கென்றே அமைந்த செல்களில், புக்னெரா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது. அசுவினி உறிஞ்சும் சாற்றில் சர்க்கரை மிகுதி, சத்து குறைவு. கிடைக்காத அமினோ அமிலங்களைச் செய்து கொடுப்பது புக்னெராதான். கூலி, இருப்பிடமும் சாப்பாடும். நம் குடலில் வாழும் ஈ.கோலையின் மரபணுத்தொகுதி சுமார் 46 லட்சம் எழுத்து நீளம். அதன் தூரத்து உறவான புக்னெராவுக்கு, பட்டாணி அசுவினியில் எடுத்துப் படித்தபோது, 6.4 லட்சம்தான் இருந்தது.

மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நேர் எதிர். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குப் பெரும்பங்கு காரணம் இந்தக் கூட்டம்தான். ஒரு நாள் ஈரம், மறுநாள் வறட்சி, எந்நேரமும் பக்கத்தில் பகையாளி. எல்லாவற்றுக்கும் ஆயுதம் வேண்டும். இதில் ஓர் இனம் 87 லட்சம் எழுத்துகளைச் சுமக்கிறது. அவற்றில் ஜி, சி என்ற இரண்டெழுத்தின் பங்கு 72 சதவீதம்; புக்னெராவில் 26. பழுதுபார்க்கும் மரபணுக்கள் பலவும் புக்னெராவில் தொலைந்துபோனதால் பிழைகள் மற்ற இரண்டெழுத்தான ஏ, டி பக்கமே சரிந்தது இதற்கு ஒரு காரணம்.

அப்படியென்றால் புக்னெரா துறவியா? சமணம் ஒப்பாது. துறவுக்கு மனம் வேண்டும். இங்கே பயன்படாத மரபணு கெட்டது, கேட்பாரில்லை, உதிர்ந்தது. தொழுநோய்க் கிருமி இதன் பாதி வழியில் நிற்கிறது: 2001இல் அதன் தொகுதியைப் படித்தபோது வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600, செத்தவை 1,100க்கு மேல். இது துறவியின் குகை அல்ல, ஆள் போன வீடு.

கடலில் மிதக்கும் பெலாஜிபாக்டர்தான் முனிவருக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. வளம் குன்றிய நீரில் ஒவ்வொரு எழுத்துக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் செலவு. ஆகவே 13 லட்சம் எழுத்து, வெற்றுச் சுமை ஏறக்குறைய இல்லை. ஆனால் அதே கடலின் புரோகுளோரோகாக்கஸ், ஹைட்ரஜன் பெராக்சைடை முறிக்கும் நொதியையே விட்டுவிட்டது. அந்த வேலையை அக்கம்பக்கத்துக் கிருமிகள் செய்கின்றன. சிலர் சுமப்பதால்தான் மற்றவர் இறக்கிவைக்க முடிகிறது என்று 2012இல் மோரிஸ், லென்ஸ்கி, ஜின்சர் மூவரும் எழுதினார்கள்.

மாங்குளத்துக் குகையில் வெட்டிய தமிழ்ப் பிராமி எழுத்துகள் இதைக் கேட்டுச் சிரிக்கும். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதியும் வெள்ளறை வணிகக் குழுவினரும் அங்கே கொடையாளிகள். படுக்கை வெட்டிய கூலி ஊருடையது. பிச்சைச் சோறும் ஊருடையதே.

மனம் மாறினால் முனிவர் மலையிறங்கிவிடலாம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அசுவினிக்குள் அடைபட்ட புக்னெராவுக்கு, இழந்த மரபணுவை வெளியிலிருந்து வாங்க அநேகமாக வழியே இல்லை. சமணக் கணக்கில் இது பெரிய தண்டனையல்ல: அடைபட்டது உடலின் வமிசம்தான், உள்ளே இருக்கும் உயிர் அடுத்த பிறவியில் வேறு உடல் எடுக்கலாம். ஆனால் அதே சமணம், எக்காலத்திலும் வீடுபேறு அடையாத உயிர்களுக்கு அபவ்வியம் என்று தனி வகையும் வைத்திருக்கிறது. அந்த உயிர்கள் எதைத் துறந்தாலும் கதவு திறப்பதில்லை. ஏன் என்றால், அது அவற்றின் இயல்பு என்பதே பதில்.