சின்சியராகப் பாடுவது

தை மாதம் ஒரு ராத்திரி அக்கா மகன் வாட்ஸப்பில் ஓர் ஆல்பத்தின் இணைப்பை அனுப்பியிருந்தான். சினிமா கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் நாலு பையன்கள் சேர்ந்து செய்தது. எட்டுப் பாட்டு. கீழே அவன் எழுதியிருந்தது ஒரே வரிதான்: "மாமா, செம சின்சியரா பண்ணிக்கிறாங்க. கேட்டுட்டு சொல்லு."

அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. கன்டெய்னர்கள் அடுக்கும் யார்டில் வேலை. திருவொற்றியூரிலிருந்து ஷிப்டுக்குப் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் காதில் பாட்டுதான். அவன் சொன்னானே என்று நானும் இரண்டு முறை கேட்டேன். பிடித்திருந்தது. செத்துப்போன அப்பாவைப் பற்றிய ஒரு பாட்டில் பாடுகிறவனின் குரல் ஓரிடத்தில் கம்முகிறது. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தார்கள். ஆனால் பாட்டைவிட 'சின்சியர்' என்ற அந்தச் சொல்தான் பல நாள் என்னோடு கூடவே வந்தது.

ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு, உள்ளே உணர்வதும் வெளியே சொல்வதும் ஒன்றாயிருப்பது என்று பொருள். அமெரிக்க விமர்சகர் லயனல் டிரில்லிங் 1972இல் இதற்காகவே ஒரு புத்தகம் எழுதினார். பதினாறாம் நூற்றாண்டை ஒட்டித்தான் ஐரோப்பாவில் இது ஒரு பெரிய ஒழுக்க மதிப்பாகத் தலையெடுத்தது என்பது அவர் கணக்கு. நம்மூரில் அந்தச் சொல் வேறு வேலை செய்கிறது. 'பையன் சின்சியரா படிக்கிறான்' என்கிறோம். 'அந்த மெக்கானிக் சின்சியரான ஆளு' என்கிறோம். அவன் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நேரத்துக்கு வருகிறான், எடுத்த வேலையைக் கருத்தாகச் செய்கிறான், பாதியில் போட்டுவிட்டுப் போவதில்லை, அவ்வளவுதான். ஆங்கிலம் சரியாகத் தெரியாததால் வந்த கோளாறு என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அதற்குக் காரணம் என் அப்பாவின் சாவு.

அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். அவர் தவறிய அன்று சாயங்காலம் சித்தப்பா ஒரு கானா பாடகரை அழைத்து வந்தார். இறப்பு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடும் மரண கானா வடசென்னைக்குப் புதிதில்லை. பணம் பேசித்தான் வந்திருந்தார். வந்ததும் அவர் பாட உட்காரவில்லை. டீ கிளாஸோடு என்னை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"நைனா பேரு இன்னா தம்பி? கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு? எந்த ஷிப்டுக்குப் போவாரு? கேரியரு யாரு கட்டிக் குடுப்பாங்க?"

நான் சொன்னதையெல்லாம் ஒரு சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதிக்கொண்டார். நடுராத்திரிக்கு மேல், அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்புவதைப் பாடினார். கேரியரின் மேலடுக்கில் தனியாக வைத்த ஊறுகாய் வரைக்கும் பாட்டில் வந்தது. காலையிலிருந்து கல்லாக உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

காரியம் முடிந்த மறுவாரம், நாலு தெரு தள்ளி இன்னொரு சாவு. அங்கேயும் அவரே. அதே மெட்டு, அதே இடத்தில் அதே நிறுத்தம். பெயர் மட்டும் வேறு. கேரியர் இருந்த இடத்தில் மீன்கூடை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஏமாந்துவிட்டோம் என்று தோன்றியது. அதற்கப்புறம் பல வருஷம், கானா பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'காசுக்கு அழுகிறவர்கள்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்ன ஏமாற்றினார் அவர்? அப்பாவைத் தனக்குத் தெரியும் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவர்மேல் பாசம் இருந்ததாகவும் சொல்லவில்லை. நாலு கேள்வி கேட்டார். நாலு பதிலையும் அதனதன் இடத்தில் வைத்தார். கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர் என்பதை நாலு என்று பாடியிருந்தால் என் அத்தை அங்கேயே பாட்டை நிறுத்தியிருப்பாள். ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க ஆள் உட்கார்ந்திருந்த சபை அது. அந்தச் சபைக்கு முன்னால் தவறில்லாமல் பாடுவதற்கு வேண்டிய உழைப்பை அவர் போட்டிருந்தார். மறுவாரம் அந்த வீட்டுக்கும் அதே உழைப்பைப் போட்டார். நான் அவரிடம் எதிர்பார்த்தது என் துக்கத்தை. அவர் கொடுத்தது என் துக்கத்துக்கு ஓர் இடம். அம்மாவுக்குத் தேவைப்பட்டதும் அதுதான்.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போது சொல்கிறவனின் நெஞ்சிலிருந்து தொடங்குவதில்லை. பிறருக்குத் தீமை விளைக்காத சொல்தான் வாய்மை என்று, கேட்கிறவன் பக்கமிருந்து தொடங்குகிறார். நெஞ்சறிந்து பொய் சொல்லாதே என்பது அதற்கு அப்புறம், மூன்றாவது குறளில்தான் வருகிறது. இரண்டும் வேண்டும். ஆனால் அந்த வரிசையை நான் முக்கியமாக நினைக்கிறேன். நாம் இன்று இசையைப் பேசும்போது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். பாடுகிறவன் உணர்ந்து பாடினானா என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய குழு. பத்தொன்பது பேர். பெயருக்கான கருத்து அயோத்திதாசப் பண்டிதரிடமிருந்து வந்தது. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில். இட ஒதுக்கீடு, ஆணவக் கொலை, மாட்டிறைச்சி என்று மேடையில் அதிகம் கேட்காததைப் பாடினார்கள். அதுவரை வெளி உலகம் கானாவைப் பெரும்பாலும் சாவு வீட்டிலும் சினிமாவிலும்தான் கேட்டது. சினிமாவில் அது பெரும்பாலும் குத்தாட்டத்துக்கான சரக்கு.

அந்தக் குழுவைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம் சொன்னது 'உள்ளத்திலிருந்து வருகிறது' என்பதைத்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மேடையில் அவர்கள் கோட் சூட்டில் நின்றார்கள். கானா பாடுகிறவன் லுங்கியில்தான் நிற்பான் என்று நினைத்திருந்த நகரத்துக்கு முன்னால் அது யோசித்து எடுத்த முடிவு. கானாவின் தாளத்தை கிட்டாரோடும் டிரம்ஸோடும் உட்கார வைப்பது ஒத்திகை இல்லாமல் நடக்கிற காரியமில்லை. மனசில் கோபம் இருந்தால் மட்டும் அது வந்துவிடாது. அக்கா மகன் சொல்லும் பொருளில், அது சின்சியரான வேலை.

உள்ளத்தை மட்டும் நம்புவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கானாவில் பெண்களைக் கிண்டலடிக்கும் பாட்டுகள் ஏராளம். அவற்றைப் பாடியவர்களும் முழு மனசோடுதான் பாடினார்கள். கேட்ட ஆண்களும் முழு மனசோடுதான் விசிலடித்தார்கள். நடிப்பு, பாசாங்கு எதுவும் இல்லை. இருந்தும் அதில் தப்பு இருந்தது. அந்தத் தப்பைச் சுட்டிக்காட்ட, பாட்டின் பொருளாக இருந்த ஒருத்தி எழுந்து பாடவேண்டியிருந்தது. ராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, ஆண்களே நிறைந்த அந்த மேடையில் நின்று பாடினார். 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. உள்ளே பிறந்தவன் என்பதாலேயே ஒருவன் பாடுவது உண்மையாகிவிடாது. அவன் யாரைப் பற்றிப் பாடுகிறானோ அவர்கள் பதில் சொல்ல இடம் விட்டிருக்கிறானா என்பதுதான் கேள்வி.

அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிறவன்? இதற்குப் பதில் தேட நான் காட்டுப்பள்ளிக்கே போகவேண்டியிருந்தது.

வார விடுமுறையில் அக்கா மகன் பைக்கில் அழைத்துப் போனான். கிழக்கே கடல், மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழி, தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு. இவற்றுக்கு நடுவில் நீண்டு கிடக்கும் மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது குப்பம் இடம் மாறியது. 2018இல் துறைமுகம் எல் அண்ட் டியிடமிருந்து அதானி குழுமத்துக்குக் கைமாறியது. 330 ஏக்கர் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்தை மீனவர்கள் பல வருஷமாக எதிர்க்கிறார்கள்.

அக்கா மகனுடைய நண்பனின் அப்பா அந்தக் குப்பத்துக்காரர். டீக்கடையில் அவரிடம் 'சென்னை பொறம்போக்குப் பாடல்' வீடியோவைக் காட்டினேன். 2017 ஜனவரியில் வந்தது. சுயாதீனப் பாடகர் கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத்தமிழில் எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா எண்ணூரின் சாம்பல் சேற்றில் நின்று பாடியது. வரி விதிக்காமல் எல்லாருக்கும் பொதுவாக விட்ட நிலத்தின் பெயர் எப்படி வசவாக மாறியது என்பதுதான் பாட்டின் விஷயம்.

பெரியவர் முழுசாகப் பார்த்தார். "ராகம்லாம் நமக்கு வெளங்கல தம்பி. பேச்சு நம்ம பேச்சா கீது. பொறம்போக்குன்னு எங்கள எத்தினி பேரு திட்டிக்கிறானுங்க. இவரு அத்தையே எடுத்துப் பாடறாரு."

"மனசார பாடறாருன்னு தோணுதா அண்ணா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அவரு மனசு எனுக்கு எப்டி தெரியும்? சொன்னது சரியா கீது. அத்தான் பாக்கணும்." கொஞ்சம் பொறுத்து, "பாடறவங்க வராங்க, படம் புடிக்கறவங்க வராங்க, ஆபீசருங்க வராங்க. மறுக்கா வரவங்களத்தான் நாங்க கணக்குல வெச்சிப்போம்" என்றார்.

அப்புறம் பேச்சு பாட்டிலிருந்து பாடுக்குத் திரும்பியது. பழவேற்காடு, காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவ ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. வலை கட்டும் இடத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஊர் முறை வைத்துப் பிரிக்கும். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு அவன் பாடு. உன் முறையில் ஒழுங்காகக் கட்டு, பிடி, அடுத்தவனுக்கு இடத்தைக் கெடுக்காமல் விட்டுப் போ. "ஆறு எவன் அப்பன் வூட்டு சொத்து?" என்றார்.

அடுத்தவன் துக்கத்தைப் பாடுவதும் அப்படி ஒரு முறைதான் என்று எனக்குத் தோன்றியது. துக்கம் பாடகனுக்குச் சொந்தமாகவேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அவன் கைக்கு வருகிறது, கெடுக்காமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். சிகரெட் பாக்கெட்டில் எழுதிக்கொண்டவர் அதைத்தான் செய்தார்.

மனசே இல்லாமல் தகவல் மட்டும் சரியாக வைத்துப் பாடிவிட்டால் போதுமா என்று கேட்கலாம். போதாது. ஆனால் மனசில்லாதவன் நாலு கேள்வி கேட்கமாட்டான், மறுபடியும் வரமாட்டான் என்பதுதான் என் அனுபவம். மனசை நேராகப் பார்க்க முடியாதபோது அதன் வேலையை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது. பாட்டு ஆற்றைக் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டு வந்து ஏழு வருஷம் முடிவதற்குள், 2023 டிசம்பரில், புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் கையால் அள்ளினார்கள். பாட்டு அதைத் தடுக்கவில்லை. ஆனாலும் அது சொன்னது பொய்யாகவும் இல்லை.

திரும்பும்போது அக்கா மகன் கேட்டான். "அந்த ஆல்பம் எப்டி மாமா?"

"நல்லா கீதுடா. அந்தப் பசங்கள ஒருநாள் உன் ஷிப்ட் வுடற நேரத்துக்கு மெயின் கேட்டாண்ட வந்து பாடச் சொல்லு. அப்ப சொல்றேன் சின்சியரா இல்லையான்னு."

"வருவாங்க மாமா. ஆனா எவன் நின்னு கேப்பான்? பஸ்ஸு போயிடும்" என்றான். அத்திப்பட்டு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தான். அங்கே ரயில்வே கேட் மூடியிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு, பையிலிருந்து இயர்போனை எடுத்து ஒரு பக்கத்தை என் காதில் வைத்தான். அப்பா பாட்டுதான். நிலக்கரி வேகன்கள் போய்க்கொண்டேயிருந்தன. குரல் கம்மும் இடம் அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். கேட் திறந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.